ஊவாவின் கதை – 23: பிந்துனுவெவ, விடியும்வரை இருந்த நேரம்

சென்ற வாரம் 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்ததை எழுதியிருந்தேன். இந்த வாரம் பதினேழு ஆண்டுகளைத் தாண்டிப் போகிறோம். மாவட்டம் மாறவில்லை. பதுளையிலிருந்து எல்ல வழியாக மலையேறினால் வரும் பண்டாரவளைதான் இடம். அந்த ஊரை ஒட்டியிருக்கும் பிந்துனுவெவ என்ற பெயரை, ஊவா தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கும் இடமாகத்தான் இன்றைய இளைஞர்கள் அறிவார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் வேறொன்று நினைவுக்கு வரும்.

2000 ஒக்டோபர் மாதம். 10ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததிலிருந்து தென்னிலங்கையில் மூண்டிருந்த கோபமும் பயமும் தேர்தல் மேடைகளில் இன்னும் சூடேறியிருந்தன. தீபாவளி 26ஆம் திகதி, வியாழக்கிழமை. தீபாவளி வாரத்தில் பண்டாரவளை எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அட்வான்ஸ் காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஐஸ்லபிப் பக்கமிருந்தும் பூனாகலைப் பக்கமிருந்தும் சனம் இறங்கும். பிள்ளைகளுக்கு உடுப்பு, பெரியவர்களுக்கு வேட்டி சேலை, பலகாரத்துக்கு மா, எண்ணெய். வருஷத்தில் ஒருமுறை கடனுக்கு அஞ்சாமல் கடைப்படி ஏறுகிற வாரம் அது.

பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அப்போது 41 தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். இயக்கத்தை விட்டு வந்து சரணடைந்தவர்களும், சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களும். வயது பதினான்கிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை. அவர்களில் சிலரைச் சிறுவர்கள் என்றே சொல்லவேண்டும். அந்த இடம் சிறைச்சாலை அல்ல. உயர்ந்த மதிலும் காவல் கோபுரமும் இல்லாத திறந்த முகாம். தொழில் பயிற்சி பெற்று, குறித்த காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பது அரசு அவர்களுக்குக் கொடுத்திருந்த வாக்கு. அயலிலிருந்த சிங்களக் கிராமத்தாரோடு அதுவரை பெரிய பகை எதுவும் இருக்கவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடந்ததை "பல நாள் குமுறல் வெடித்தது" என்று விளக்கப் பார்த்தவர்கள் உண்டு. பல நாள் குமுறலுக்கு அங்கே சான்று இல்லை.

24ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மாலை முகாமுக்குள் குழப்பம் ஏற்பட்டது. காரணங்கள் சாதாரணமானவை. விடுவிப்பதாகச் சொன்ன காலம் கடந்தும் விடவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் கைக்கு வருவதில்லை. முகாம் பொறுப்பதிகாரியிடம் இதைக் கேட்கப் போன இடத்தில் வாக்குவாதம் முற்றியது. வானத்தை நோக்கிச் சுட்ட சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். புலிகள் முகாமைக் கைப்பற்றிவிட்டார்கள், அதிகாரியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கதை கிளம்பியது. மேலதிகப் பொலிஸ் வந்தது. இரவு ஏற ஏற முகாம் அடங்கியது.

இந்தக் கட்டுரையில் நான் நின்று பார்க்க விரும்புவது அந்த இரவைத்தான். காலையில் நடந்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அந்த இரவில் பொறுப்பிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்ன? முகாமுக்குள் குழப்பம் நடந்தது தெரியும், ஏனென்றால் அதற்காகத்தான் அவர்கள் அங்கே வந்தார்கள். வெளியே கூட்டம் கூடியது தெரியும், ஏனென்றால் அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் உள்ளே போனார்கள். வதந்தி பரவுவதும் தெரியும். விடிவதற்குள் பண்டாரவளைப் பகுதியில் முகாமுக்கு எதிராகச் சிங்களத்தில் சுவரொட்டிகள் முளைத்திருந்தன. சுவரொட்டி தானாக முளைப்பதில்லை. ஒருவர் எழுத, ஒருவர் பசை காய்ச்ச, சிலர் சுமந்து போய் ஒட்ட வேண்டும். குழப்பம் நடந்த மாலைக்கும் கூட்டம் திரண்ட காலைக்கும் இடையில் அத்தனையையும் செய்ய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பொலிஸ் ரோந்து போகிற பாதையில் நடந்த வேலை இது.

அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடியவை என்ன? பண்டாரவளைக்கு முந்திய ரயில் நிலையம் தியத்தலாவை. நாட்டின் பெரிய இராணுவ முகாம்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 41 பேரை ஏற்ற இரண்டு பஸ் போதும். இரவோடு இரவாக அவர்களை இடம் மாற்றியிருக்கலாம். காலையில் கூட்டம் கூடாதபடி ஊரடங்குச் சட்டம் போட்டிருக்கலாம். சந்திகளில் ஆள் நிறுத்தி, கத்தி பொல்லோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இவை எல்லாம் இந்த நாட்டுப் பொலிஸ் அடிக்கடி செய்கிற, செய்யத் தெரிந்த வேலைகள். தோட்டத்தில் சம்பளப் போராட்டம் என்றால் பிரட்டுக்களத்துக்குச் சனம் வருமுன்னரே பொலிஸ் ஜீப் வந்து நிற்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

25ஆம் திகதி புதன்கிழமை காலை கூட்டம் திரண்டது. அதை ஆயிரக்கணக்கில் மதிப்பிட்டார்கள். சுமார் 60 பொலிஸார் ஆயுதங்களோடு அந்த இடத்தில் இருந்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்தது. கத்தி, கோடாரி, பொல்லு. கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். நிராயுதபாணிகளாக நின்ற பையன்களுக்கு ஓட இடமிருக்கவில்லை. பொலிஸ் நின்ற பக்கம் ஓடியவர்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. தப்பியோடிய தங்களை நோக்கியே பொலிஸார் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் பின்னர் கூறினார்கள். 27 பேர் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய 14 பேரும் காயப்பட்டார்கள். சில உடல்கள் அடையாளம் காண முடியாதபடி எரிந்திருந்தன. இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனமில்லை. அந்தத் தாய்மாரில் பலர் இன்றும் உயிரோடு இருப்பார்கள்.

மறுநாள் தீபாவளி. செய்தி தோட்டங்களுக்குப் போனபோது கொண்டாட்டம் அச்சமாக மாறியது. இறந்தவர்கள் யார், எந்த ஊர் என்று லயங்களில் யாரும் கேட்கவில்லை. தமிழ்ப் பையன்கள், அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டிருக்கக் கொல்லப்பட்டார்கள் என்பதே போதுமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்காக எத்தனையோ தோட்டத்துப் பையன்கள் சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்டுத் தடுப்பில் வைக்கப்பட்டவர்கள். நம் பிள்ளையும் ஒருநாள் அப்படி ஒரு முகாமில் இருக்கலாம் என்ற நினைப்பு எந்த வீட்டுக்கும் அந்நியமாக இருக்கவில்லை. கண்டனம் நுவரெலியா மாவட்டம் வரை பரவியது. தலவாக்கலை, ஹற்றன் பக்கம் ஹர்த்தாலும் மோதலும் மூண்டு, ஊரடங்குச் சட்டம் போடும் நிலை வந்தது. 24ஆம் திகதி இரவு பண்டாரவளையில் போடாத ஊரடங்கு, கண்டனம் தெரிவித்த ஊர்களில் போடப்பட்டது.

இனி விசாரணைகளுக்கு வருவோம்.

முதலில் போனது மனித உரிமைகள் ஆணைக்குழு. நவம்பர் தொடக்கத்திலேயே இடைக்கால அறிக்கை தந்தது. அங்கிருந்த சுமார் 60 பொலிஸாரும் கடமையில் பாரதூரமாகத் தவறினார்கள் என்று அது தெளிவாகச் சொன்னது. ஒரு வாரத்துக்குள் ஓர் அரச நிறுவனமே சொன்ன முடிவு இது. அந்த இடத்திலிருந்து வழக்கைக் கட்டியெழுப்பியிருந்தால் பாதை வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து 2001இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, நீதிபதி பி.எச்.கே. குலதிலக்க தலைமையில் ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். அது சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. பொலிஸ் உயர் அதிகாரிகளின் பக்கமிருந்த தவறுகளையும் கண்டது. ஆனால் அறிக்கையை அரசு அன்று மக்கள் முன் வைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுச் சட்டப்படி அறிக்கை ஜனாதிபதியிடம் போகும். அதை வெளியிட்டே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஆணைக்குழு முன் சொல்லப்பட்டதைக் குற்றவியல் நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். ஆணைக்குழு திரட்டிய தகவல்களைக் கொண்டு சட்டமா அதிபர் வழக்குத் தொடரலாம் என்ற திருத்தம் 2008இல்தான் வந்தது. பிந்துனுவெவ வழக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே முடிந்துவிட்டது.

வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 41 பேர். முகாமில் இருந்த பையன்களின் எண்ணிக்கையும் அதுவே. இவர்களில் பொலிஸாரும் கிராமத்தவரும் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வழக்கின் வெவ்வேறு கட்டங்களில் விடுபட்டுப் போனார்கள். 2003 ஜூலை 1ஆம் திகதி ஐந்து பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். அன்றைய பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், கொஞ்சம் மூச்சு வந்தது போலிருந்தது. மேன்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. எஞ்சியிருந்த நால்வரையும் 2005 மே 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 27 கொலைகளுக்கு இன்று குற்றவாளி ஒருவரும் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொன்னால் நாம் கற்க வேண்டியதைக் கற்காமல் போவோம். வழக்கு கட்டப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். தண்டனைச் சட்டக் கோவையில் சட்டவிரோதக் கூட்டம் என்று ஒரு குற்றம் உண்டு. கூட்டத்தில் ஒருவராக இருந்து, அதன் பொது நோக்கத்தைப் பகிர்ந்தவர் என்று நிரூபித்தால், கத்தி பிடிக்காதவரும் கொலைக்குப் பொறுப்பாவார். கிராமத்தவர் மீதும் பொலிஸார் மீதும் இந்த வழியில்தான் வழக்குப் போனது. பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ் அதிகாரி கொல்லும் நோக்கத்தையே பகிர்ந்தார் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்தது. அது மலையளவு சுமை. கடமை தவறியது வேறு, கொல்ல நினைத்தது வேறு. முன்னதற்கு அறுபது பேர் நேரடிச் சாட்சி. பின்னதற்குச் சாட்சி அவரவர் மனம்.

சாட்சிகளின் நிலையையும் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டத்தில் தன்னை வெட்டியவன் யார் என்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய பதினேழு வயதுப் பையன் அடையாளம் சொல்ல வேண்டும். அவன் அந்த ஊரவன் அல்ல. அங்கே யாருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது. அந்த முகங்களை அறிந்தவர்கள் அங்கே நின்ற பொலிஸார்தான். அவர்களில் சிலரே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், மற்றவர்கள் அவர்களின் சகாக்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 2015இல்தான் நிறைவேறியது. 2003இல் கொழும்புக்கு வந்து சாட்சி சொன்ன அந்தப் பையன்களுக்கு அப்படி ஒரு சட்டத்தின் துணை இருக்கவில்லை.

ஆகவே விசாரணைகள் முழுதும் காலைப் பொழுதிலேயே சுற்றின. யார் வெட்டினார், யார் தீ வைத்தார், யார் சுட்டார் என்று கேட்டன. மாலை ஆறு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் யாருக்கு என்ன தெரியும், எந்த மேலதிகாரிக்கு யார் அறிவித்தார், அவர் என்ன உத்தரவிட்டார் என்ற கேள்விக்கு எவரும் நீதிமன்றத்தில் தண்டனைக்குரிய பதிலைச் சொல்லவேண்டி வரவில்லை. அந்தக் கேள்விக்குச் சாட்சி தேடி இருட்டில் ஓட வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்திலும் தொலைபேசிப் பதிவிலும் கடமைப் பட்டியலிலும் அது எழுத்தில் இருக்கக்கூடிய விஷயம்.

இந்த இடத்தில் தூர தேசத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2007 ஏப்ரல் 16ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் தமிழர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அங்கேயும் முன்னறிகுறிகள் இருந்தன. அந்த மாணவனின் எழுத்தையும் நடத்தையையும் பார்த்து அஞ்சிய ஆசிரியர்கள் நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். 2005 டிசம்பரில் அவன் மனநலச் சிகிச்சை பெற வேண்டும் என்று நீதி அதிகாரி உத்தரவிட்டிருந்தார். அதைப் பின்தொடர்ந்து பார்க்க ஆளில்லை. அன்று காலை ஏழேகாலுக்கு விடுதியில் முதல் இருவர் கொல்லப்பட்டார்கள். வளாகம் முழுவதற்கும் முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அதற்குப் பதினைந்து நிமிடங்களுக்குள் வகுப்பறைகளில் சூடு தொடங்கிவிட்டது.

அங்கே செய்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மாநில ஆளுநர் நியமித்த மீளாய்வுக் குழு ஓகஸ்ட் மாதமே அறிக்கையை வெளியிட்டது. நான்கு மாதம்தான். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தகவல் எப்போது வந்தது, ஏன் அது அடுத்த மேசைக்குப் போகவில்லை, எச்சரிக்கை ஏன் தாமதமானது என்று மணி வாரியாக அதில் எழுதியிருக்கிறது. இறந்தவரின் வீட்டார் யாரும் அதை வாங்கிப் படிக்கலாம். கொன்றவன் தன்னையும் சுட்டுக்கொண்டதால் அங்கே தண்டிக்க ஆள் இருக்கவில்லை. இருந்தும் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை அவர்கள் விடவில்லை. பிந்துனுவெவவில் இறந்த பையனின் தாய்க்கு, தன் மகன் எப்படி இறந்தான் என்று அரசாங்கம் ஒரு தாளில்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

தடுப்பில் இருப்பவர்கள் கொல்லப்படுவது இந்த நாட்டில் அன்று புதிதும் அல்ல. 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் 35 பேர், ஒருநாள் விட்டு 18 பேர். முதல் நாளுக்குப் பிறகும் எஞ்சியவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1997 டிசம்பரில் களுத்துறைச் சிறை. 2000 ஜனவரியில், அதாவது பிந்துனுவெவவுக்குப் பத்து மாதம் முன்னர், மறுபடியும் களுத்துறை. இத்தனையும் நடந்த நாட்டில், வெளியே கூட்டம் கூடிய இரவில் 41 பேரை மதில் இல்லாத முகாமில் விட்டுவைத்ததைக் கவனக்குறைவு என்று எழுத என் கை வரவில்லை.

பண்டாரவளையில் சிங்கள மக்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். நாட்டின் மனித உரிமை அமைப்புகளில் இந்த வழக்கை விடாமல் எழுதியவர்களில் சிங்களவர்கள் பலர். தோட்டமும் கிராமமும் ஒரே பஸ்ஸில், ஒரே சந்தையில், ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற மாவட்டம் இது. சந்தையில் நம்மிடம் கறி வாங்கிய கையில் அன்று பொல்லு இருந்ததோ என்ற சந்தேகத்தோடு இரண்டு பக்கமும் வாழவேண்டி வந்தது. குற்றவாளியின் பெயர் நீதிமன்றத்தில் நிரூபணமாகாதபோது ஊரே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. உண்மை தெரியவேண்டிய தேவை தமிழர்களுக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்காததன் காரணம் இதுதான்.

அடுத்த வாரம் இதே மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் போகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கே சனத்தைக் கொன்றது மண். எச்சரிக்கை போய்ச் சேர்ந்த மேசைகளின் கதை மட்டும் இந்த வாரக் கதையைப் போலவே இருக்கும்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குலதிலக்க ஆணைக்குழு அறிக்கையை அரசு மூன்று மொழிகளிலும் அச்சிட்டு, பண்டாரவளை நூலகத்திலும் பதுளை நூலகத்திலும் வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதைக் கேட்க நம் எல்லாருக்கும் வழி தந்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். நானும் கேட்கிறேன். 24ஆம் திகதி இரவு பண்டாரவளை வழியாக வந்தவர்கள், அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்கள், தோட்டத்தில் அந்தத் தீபாவளியைக் கழித்தவர்கள், நினைவில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் போட மாட்டேன்.